வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்ட வேண்டுமா?



மில் வேலை, நர்ஸ் வேலை, ஜவுளிக்கடை வேலை என்று நம் பிள்ளைகள் வெளியூர் கிளம்பும்போது ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்கிறார்கள். "இதுக்குப் போயி வக்கீலா? அவருக்குக் கொடுக்கத் துட்டுக்கு எங்க போக?" என்று நம் உறுப்பினர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு நம் பக்கத்துப் பெண்கள் கொடுத்த விலை பெரிது.

2000-களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து நிறையப் பெண் பிள்ளைகள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பு மில்களுக்குப் போனார்கள். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று அதற்குப் பெயர். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 40,000 ரூபாய் தருவோம் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பல பிள்ளைகளுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. அது இனாம் அல்ல, மாசாமாசம் பிடித்து வைத்த அவர்கள் கூலிதான். கேட்கப் போனால் கையில் காகித நகல்கூட இல்லை.

வக்கீலுக்குத் துட்டு வேண்டாம்

1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்ற கணக்கு பெண்களுக்குக் கிடையாது. வழக்குப் போட மட்டுமல்ல, ஆலோசனை கேட்கவும் போகலாம். திருச்செந்தூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழு தூத்துக்குடி நீதிமன்றத்தில் உள்ளது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

முதலில் நாமே பார்க்க வேண்டியவை

1. மாதச் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். "கடைசியில் மொத்தமாகத் தாறோம்" என்ற பேச்சே ஆகாது.
2. வேலை நேரமும் வாராந்திர லீவும் எழுதியிருக்கிறதா?
3. இடையில் விலகினால் என்ன ஆகும்?
4. எழுதாத இடம், வெற்றுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கையெழுத்தே வேண்டாம்.
5. சர்டிபிகேட்டின் அசலைக் கேட்கிறார்களா? நகல் மட்டும் கொடுங்கள்.

எப்போது கட்டாயம் காட்ட வேண்டும்?

இத்தனை வருடம் இருக்கணும், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் கட்டணும் என்று பாண்ட் இருந்தாலும், அப்பாவோ அம்மாவோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும், முன்பணம் கொடுத்தாலும், காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. "பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காது" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிவிட வேண்டாம். விஜயா வங்கியில் மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதேசமயம், வாங்கிய முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். எது செல்லும், எது செல்லாது என்பதை வக்கீல்தான் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். இன்னொன்று, 18 வயது நிறையாத பிள்ளை தானாகப் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

ஆக, சம்பளமும் நேரமும் மட்டும் தெளிவாக எழுதிய சாதாரண வேலை உத்தரவு என்றால் நாமே படித்துக் கையெழுத்துப் போடலாம். பாண்ட், ஜாமீன், முன்பணம் இருந்தால் இலவச வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

"ஒருநாள் கொடுங்க, படிச்சிட்டுத் தாறோம்" என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். நல்ல கம்பெனி என்றால் கொடுக்கும். "இப்பவே போடணும், பஸ் நிக்குது" என்று அவசரப்படுத்தினால் அந்த வேலையைப் பற்றி நமக்கு அதுவே போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வெளியூர் போகும் பிள்ளையின் ஒப்பந்த நகல் ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிக்குப் படித்துச் சொல்வது குழுவின் பொறுப்பு.