வெண்பனிக் கோயில்

வண்ணங்கள் பலவற்றைக் குழைத்துத் தீட்டிய ஓவியங்களை நாம் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். கரிய மை ஒன்றையே கொண்டு வெண்பனியைக் காட்டும் ஓவியமும் உண்டோ? உண்டு. கொரிய நாட்டு ஓவியர் பார்க் டே சங், 1996ஆம் ஆண்டில் தீட்டிய புல்குக்சா கோயிலின் பனிக்காட்சி அத்தகையதே.

புல்குக்சா, தென்கொரியாவில் கியோங்ஜு நகரை அடுத்த தோகம் மலைச்சாரலில் உள்ள பௌத்தக் கோயில். ‘புத்தநாட்டுக் கோயில்’ என்பது அப்பெயரின் பொருள். சில்லா அரசர் காலத்தில், 751ஆம் ஆண்டில் இதன் பெரும்பணி தொடங்கிற்று. வாயிலுக்கு ஏறும் கற்படிகள் முப்பத்து மூன்று. முற்றத்தில் இரண்டு கற்கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று நுண்ணிய வேலைப்பாடு மிக்கது. மற்றொன்று எளிமையே அழகாய் அமைந்தது. 1593ஆம் ஆண்டில், ஜப்பானியப் படையெடுப்பின்போது, மரத்தாலான மண்டபங்கள் தீக்கிரையாயின. கற்படிகளும் கோபுரங்களுமோ அழியாது நின்றன. பின்னர்ப் பலமுறை பழுதுபார்க்கப்பெற்ற இக்கோயில், 1969 முதல் 1973 வரை நடந்த பெரும் திருப்பணியால் புதுப்பொலிவு பெற்றது.

1945ஆம் ஆண்டில் பிறந்த பார்க் டே சங், இளமையிலேயே பெற்றோரையும் தம் இடக்கையையும் பூசலில் இழந்தவர். ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாமல், எஞ்சிய ஒரு கையால் நாள்தோறும் எழுதியும் வரைந்தும் தாமே கற்றார். புதுமைக் கலையை அறிய 1994இல் நியூயார்க் நகரம் சென்றார். அங்கிருந்து மீண்டு, புல்குக்சாவிலேயே ஏறத்தாழ ஓராண்டு தங்கி, அதனைத் தீட்டினார்.

மையோவியத்துக்குரிய கருவிகள் மிகச் சில. பைன் மரத்தை எரித்தெடுத்த கரியைப் பசையுடன் பிசைந்து மைக்கட்டி செய்வர். அதனைக் கல்லில் நீர்விட்டு உரைத்தால் மை கிடைக்கும். நீர் மிகுந்தால் சாம்பல்நிறம், குறைந்தால் காரிருள். முசுக்கட்டை இனத்து மரப்பட்டையால் செய்த தாள், மையை உடனே உறிஞ்சிவிடும். இட்ட கோட்டை அழித்தெழுத இயலாது. ஆதலால் ஓவியன் முதலில் மனத்தில் வரைந்து முடித்த பின்னரே தூரிகையை எடுக்கவேண்டும்.

இங்குப் பனிக்கு மை இல்லை. வானத்தில் மென்சாம்பல் பூச்சைப் பரப்புவர். கூரையின் விளிம்பையும் மரத்தின் கிளையையும் கருமையால் காட்டுவர். இடையில் தாளைத் தொடாமல் விட்டுவிடுவர். அவ்வெற்றிடமே நம் கண்ணுக்குப் பனியாகத் தோன்றும். எங்கே வரைவது என்பதை அறிவதினும், எங்கே வரையாது நிறுத்துவது என்பதை அறிவதே அரிது.

தீயால் அழிந்த கோயிலைத் தீயிற் பிறந்த கரியே மீண்டும் காட்டுவது வியப்பன்றோ! மண்டபங்களை இழந்தும் அக்கோயில் நிலைபெற்றது. கையை இழந்தும் அவ்வோவியர் உயர்ந்தார். தாளின் வெற்றிடம் பனியாய் ஒளிர்கிறது. இழந்ததை எண்ணித் தளராமல், எஞ்சியதைக் கொண்டு முயல்வோர்க்கு இவ்வோவியம் நல்லதொரு துணையாகும்.