பழைய தோல் கைப்பையைக் கெடுப்பது அழுக்கல்ல, ஈரம்

அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த தோல் கைப்பையைப் பல ஆண்டுகள் கழித்து அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால், மேலே வெள்ளையாக ஒரு படலம் பூத்திருக்கும். உள்ளே கையை விட்டால் மக்கல் வாடை. உடனே நம் வீடுகளில் நடப்பது என்ன? ஈரத் துணியும் சவர்க்காரமும் போட்டு ஒரு தேய்ப்பு, வாசலில் உச்சி வெயிலில் ஒரு காய்ச்சல், கடைசியில் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய். நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த பை வெடித்துக் கறுத்துப் போவதற்கு இந்த ஒரு நாள் போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. பூஞ்சை வளர்வதற்கு 65, 70 விழுக்காடே போதும். அரும்பொருளகங்களில் தோல் பொருள்களை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். அப்படியானால், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் வரிசை வீட்டிலோ மாதக்கணக்கில் திறக்கப்படாத அலமாரி எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்! பையில் ஒட்டியிருக்கும் கை வியர்வையும் முகப்பூச்சும் எண்ணெய்க் கறையும் பூஞ்சைக்குத் தீனி. ஆகவே பழைய பையை மீட்கும் வேலையில் பாதி, அதை நிதானமாக உலர்த்துவது. மீதியில் பெரும்பகுதி, தேவையில்லாததைப் பூசாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

எந்த வகைத் தோல் என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. தோலைப் பதனிட இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, மரப்பட்டையின் துவர்ப்பைக் கொண்டு பதனிடுவது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரோடு லண்டன் வரை கப்பலேறியது. மற்றொன்று, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடுவது. சென்னை விமான நிலையத்தில் இறங்கித் தாம்பரம் பக்கம் போகிறவர்கள் குரோம்பேட்டையைக் கடந்திருப்பார்கள். அந்த ஊருக்குப் பெயர் வந்ததே 1910களில் அப்பகுதியில் அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். இன்று கடைகளில் கிடைக்கும் தோல் பைகளில் பெரும்பாலானவை குரோம் தோல்.

பட்டைத் தோல் தண்ணீரைக் குடிக்கும், சீக்கிரம் கறை பிடிக்கும், கைபடப் பட நிறம் ஆழ்ந்து அழகேறும். குரோம் தோலின் மேல் பெரும்பாலும் நிறப்பூச்சு இருப்பதால் ஒரு துளி நீர் முத்தாக நிற்கும். மூடியின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் அந்தப் பையிடம் தண்ணீரைக் காட்டாதீர்கள். வெட்டு விளிம்பையும் பாருங்கள். பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம். நீலச் சாம்பல் ஓடினால் குரோம்.

விளிம்பில் நெய்த துணி தெரிந்தால் அது தோலே அல்ல. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியது. நம் ஈரக் காற்று அந்தப் பூச்சின் கட்டமைப்பையே மெல்லச் சிதைக்கிறது. சில ஆண்டுகளில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். இதற்கு வைத்தியம் இல்லை. எந்தக் களிம்புக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

உண்மைத் தோல் என்று தெரிந்தபின், முதல் வேலை பையைக் காலி செய்வது. ஒவ்வொரு அறையையும் தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் கைப்பையைத்தான் இரும்புப் பெட்டியாக வைத்திருந்தார்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, அடகுச் சீட்டு, மடித்த ஒரு கடிதம் எல்லாம் உள்துணியின் கிழிசலுக்குள் வழுக்கிப் போயிருக்கும். குடியுரிமைக்காகப் பெற்றோரின் பத்திரத்தைத் தேடி அலைகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. பையைவிட அந்தத் தாள் பெரிது.

அடுத்து அந்த வெள்ளைப் படலம். அது பூஞ்சைதானா? தோலுக்குள் ஊட்டிய கொழுப்பு வெளியே வந்து உறைந்தாலும் அதே போல வெள்ளையாகப் பூக்கும். முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் சில விநாடி காட்டினால் கொழுப்பு உருகி மறைந்துவிடும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. பூஞ்சை உருகாது, வாடையும் காட்டிக்கொடுக்கும்.

பூஞ்சை என்றால் பையை வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டத்தில் எடுத்துச் செல்லுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டி விடுங்கள். படுக்கையறையில் காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து தட்டினால் பூஞ்சை வித்துகள் மற்ற துணிமணிகளுக்கும் போய்ச் சேரும். இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்த பிறகும் கறை இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியைப் பிழிந்து, ஈரம் தெரியாத அளவுக்கு ஒற்றலாம். மறைவான இடத்தில் சோதித்து, வெள்ளைத் துணியில் நிறம் ஏறவில்லை என்று கண்ட பிறகுதான் இது. 2020க்குப் பிறகு எல்லார் கையிலும் வந்துவிட்ட கைச்சுத்திகரிப்பானை அப்படியே ஊற்றித் தேய்த்துப் பூச்சு உரிந்த பைகளை இப்போது நிறையப் பார்க்கலாம்.

சவர்க்காரம் ஏன் கூடாது? தோல் இயல்பில் சற்றே அமிலத் தன்மை உள்ளது; சவர்க்காரம் காரம். காரம் பட்டால் தோல் விறைக்கும், பதனிட்ட பிடிப்பும் தளரும். குதிரைச் சேணத்துக்கென விற்கும் சவர்க்காரமும் முரட்டுத் தோலுக்கு ஏற்றதே தவிர, வயதான கைப்பைக்கு அல்ல. குழந்தைகளுக்கான ஈரத் துடைப்புத் தாளும் நிறப்பூச்சை அரிக்கும். பூச்சுள்ள தோலுக்கு, நன்கு பிழிந்த மெல்லிய துணியால் ஒரு துடைப்பே போதும்.

பட்டைத் தோல் பைகளில் கொக்கியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துரு, தோலின் துவர்ப்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியது இதே வித்தையால்தான். மையை அழிக்க முடியாதது போல இதையும் வீட்டில் போக்க முடியாது. துரு மேலும் பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பித்தளைக் கொக்கியில் பசபசவென்று ஊறும் பச்சைக் களிம்பு வேறு கதை. தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து வருவது அது. மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும். பித்தளை துலக்கும் திரவத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், கொக்கிக்கு அடியில் அட்டையைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். திரவம் தோலில் இறங்கினால் அந்தக் கறையும் போகாது.

உள்வாடைக்குச் சோடா மாவை ஒரு பழைய காலுறையில் கட்டிப் பையின் உள்ளே வைத்து, மூடாமல் சில நாள் விடலாம். தோலின் மேல் கொட்டக் கூடாது, அதுவும் காரம்தான். தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். அவை தோலுக்குள் இறங்கிக் கறுக்கச் செய்யும், தூசியை இழுக்கும், பூஞ்சைக்கு மீண்டும் விருந்து வைக்கும். தோலுக்கென்றே விற்கும் நிறமற்ற களிம்பை, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, மிக மெல்லியதாக ஒரு முறை தடவினால் போதும். பூச்சு மூடிய குரோம் தோலுக்கு அதுவும் பெரும்பாலும் உள்ளே இறங்காது.

வெள்ளத்தில் நனைந்த பைக்கு வேறு முறை. 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் புகுந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சேற்றோடு ஊறிய பைகளைப் பலர் குப்பைக் குவியலில் போட்டார்கள். வெயிலில் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கல் போல விறைத்த பைதான் மிஞ்சியது. சேறு காயும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான குளிர்ந்த நீரால் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். வெள்ள நீரில் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கக் கூடும், வெறுங்கை வேண்டாம். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துண்டுகளை உள்ளே திணித்து வடிவம் கொடுத்து, நிழலில், காற்றாடியின் காற்றில், நாட்கணக்கில் உலர்த்துங்கள். துணி ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் கவனிக்க முடியாத நிலை என்றால், பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிடலாம். பூஞ்சை அங்கே வளராது. வீட்டைக் கழுவி முடித்த பிறகு எடுத்து நிதானமாக உலர்த்தலாம். நனைந்து ஒட்டிக்கொண்ட பத்திரங்களுக்கும் இதே வழிதான். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை அந்த நேரத்தில் பிரிக்க முயன்றால் எழுத்தோடு உரிந்து வரும்.

மிகப் பழைய பட்டைத் தோல் சிவப்புப் பொடியாக உதிரத் தொடங்கினால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. துணியில் சுற்றி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். தையல் விட்ட கைப்பிடியையும் அறுந்த வாரையும் கடைவரிசை ஐந்தடியில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். அவர் கையில் அது சிறிய வேலை. பளபளப்புக்காக நிறச் சப்பாத்து மெழுகு மட்டும் பூச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளைப் புடவையில் ஒட்டும்.

சுத்தம் செய்த பையை எங்கே வைப்பது? பிளாஸ்டிக் உறையில் அல்ல, பழைய தலையணை உறையில். வடிவத்துக்கு உள்ளே பருத்தித் துணி. இந்த ஞாயிற்றுப் பக்கத்தைச் சுருட்டித் திணிக்காதீர்கள், அச்சு மை உள்துணியில் ஏறும்! சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது. அலமாரிக்கென்று விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை வைத்தால், பைக்குக் கீழ்த் தட்டில், அலுங்காத இடத்தில் வையுங்கள். அதில் சேரும் நீர் கால்சியம் குளோரைடு கரைசல்; கவிழ்ந்து தோலில் பட்டால் சுருங்கி விறைத்துவிடும். மாதம் ஒருமுறை, மழையில்லாத நாளாகப் பார்த்து, பையை எடுத்துத் திறந்து காற்றாட வைத்து, உள்ளே மோந்து பாருங்கள். மக்கல் வாடை கொஞ்சம் தட்டினாலும் அன்றைக்கே மறுபடியும் நிழலுக்குக் கொண்டு போய்விடுங்கள்.