58-ம் நம்பர் ஸ்விட்ச்

முதலில் கம்மாயைக் காட்டிவிடுகிறேன், அதுவரை வேறெதையும் பேச எனக்குப் பொறுமை இல்லை! இதோ, ஆள் கரையில் நிற்கிறான். தண்ணீர் தளும்புகிறது. 58-ம் நம்பர் ஸ்விட்சை அணைக்கிறேன். தண்ணீர் மாயம். பாளம் பாளமாக வெடித்த மண். ஆள் விறுவிறுவென இறங்கிக் குறுக்கே நடந்து அக்கரைக்கே போய்விட்டான்!

ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் வீட்டிலேயே நான் கட்டிக்கொண்டிருக்கும் கேம் இது. ஊர் உசிலம்பட்டி. கதை பிறந்த இடம் பக்கத்துப் புலிமான்கோம்பை. ஆண்டிபட்டி தாலுகாவில் இருக்கும் அந்த ஊரில் 2006-ல் தமிழி எழுத்து பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று, கூடலூர் ஆகோளில் உயிரை விட்டவனுக்கு நட்டது. மாடு கவரும் சண்டை! ஒரு கேமுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

கதை கிடைத்தது, ஊர்தான் கிடைக்கவில்லை. மென்பொருளோடு வரும் படங்களில் கோட்டை மதில் இருக்கிறது, பனிக்காடு இருக்கிறது. திண்ணை வைத்த ஓட்டு வீடு இல்லை. கிடாயை இழுத்துக்கொண்டு நம்ம ஆள் பனியில் நடப்பதாவது! சரி, இலவசப் படங்களைத் தேடலாம் என்று இறங்கினேன். 2012-ல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியின் படங்கள் அள்ள அள்ளக் கிடைக்கின்றன. வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், அந்தப் படத்தை மாற்றினால் அதையும் அதே உரிமத்தில் பொதுவில் விட வேண்டும். கென்னி என்பவரின் இலவசப் படத் தொகுப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடுகூடக் கிடையாது. ஆசை ஆசையாக இரண்டையும் இறக்கி ஒட்டினேன்.

கேமில் வரும் பூக்காரக்காவுக்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறுசு.

விஷயம் இதுதான். எம்வியின் கட்டம் 48 பிக்சல். கென்னியின் 16 பிக்சல் படத்தை மூன்று மடங்காக்கினால் ஒவ்வொரு புள்ளியும் மூன்றுக்கு மூன்றாகி, கோடு கத்தி மாதிரி நிற்கும். பிக்சல் கப் படங்களோ 32. ஒன்றரை மடங்கு! அரைப் புள்ளியை எங்கே வைப்பது? கண்ணில்தான் வைத்தது. போதாக்குறைக்கு ஒரு வீட்டுக்கு நிழல் இடப்பக்கம், அடுத்த வீட்டுக்கு வலப்பக்கம். ஊருக்கு இரண்டு சூரியன். பத்துக் கெட்டிக்காரர்களின் படங்களைக் கலப்பதைவிட, சுமாராக வரையும் ஒருத்தர் கையே போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தச் சுமாரான ஆள் நானே.

ஊருக்குப் பேர் கொடுத்த உசில மரம் எந்தத் தொகுப்பிலும் இல்லையே, வரையாமல் எப்படி? அரப்புக்கு அரைக்கும் அந்த இலை பொடிப்பொடியாக இருக்கும்; இந்த அளவில் ஓர் இலைக்கு ஒரு புள்ளிகூட மிஞ்சாது. அதனால் இலையை விட்டுவிட்டேன். மூன்று பச்சைகளைத் தூவி, நடுநடுவே தரை தெரிய ஓட்டை போட்டதும் மரம் வந்துவிட்டது! தூருக்குப் பெருக்கல் குறி: ஆள் மோதி நிற்பான். கிளைகளுக்கு நட்சத்திரக் குறி: ஆள் அடியில் புகுந்தால் இலை மேலே மூடும். அந்த மரத்தடியில் போவதும் வருவதுமாக ஒரு சாயங்காலமே போனது.

தெருக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினேன்; சந்தையை நாளைக்கு நாலு கட்டம் தள்ளி வைக்கலாம், வலிக்காது. ஆனால் விக்கிரமங்கலத்து உண்டாங்கல் மலை? சமணர் படுக்கைகள் உள்ள அந்த உருண்டைப் பாறையைக் கட்டத்தில் அடுக்கினால் மைசூர்பாகு மாதிரி நிற்கிறது. ஆகவே கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் மலை முழுவதையும் ஒரே படமாகத் தீட்டி அடியில் விரித்தேன். எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் மேலே. கோப்பின் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியும் போட வேண்டும். மறந்தால் ஆள் நடக்க நடக்க மலையும் கூடவே வரும். எனக்கு வந்தது!

இனி கம்மாய் ரகசியம். வரைபடம் ஒன்றுதான், அதற்கு இரண்டு டைல்செட், அதாவது கட்டங்களை நிரப்பும் படத் தொகுப்பு. முதலாவதில் தண்ணீர் இருக்கும் அதே இடத்தில் இரண்டாவதில் வெடித்த மண். தண்ணீருக்குப் பெருக்கல் குறி, மண்ணுக்கு வட்டம். ஸ்விட்ச் டைல்செட்டை மாற்றுகிறது, அவ்வளவுதான். அதற்கு ஏன் 58? வைகை அணையிலிருந்து வரும் 58 கிராமக் கால்வாய் தெரியாதவர்கள் உசிலம்பட்டிக்காரர்களாக இருக்க முடியாது.

விளையாடிப் பார்ப்பது அக்கா மகன். ஊருக்குள் போய்த் திரும்பியவன் கத்தினான்: “என்னா மாமா, இப்பத்தான வத்துச்சு, அதுக்குள்ள நெறஞ்சுருச்சு?” வேறு வரைபடத்துக்குப் போய்வந்தால் டைல்செட் பழையபடி ஆகிவிடுமாம். உள்ளே நுழையும்போதெல்லாம் ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லி ஒரு நிகழ்வை வைத்தேன், சரியானது.

அவன் விட்டானா? வற்றிய கம்மாயின் நட்டநடுவில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு 58-ஐத் தட்டினான். நாலு பக்கமும் தண்ணீர், நாலு பக்கமும் பெருக்கல் குறி. ஆள் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.