அடகுச் சீட்டுக்கு முன்னால் ஒரு அட்டை

போன மாதம் இளையரசனேந்தல் பஸ் ஸ்டாப்பில் ஒருவரைப் பார்த்தேன். மஞ்சப்பைக்குள் ஸ்கேன் படம், ஆஸ்பத்திரி பில், நாலாக மடித்த நகை அடகுச் சீட்டு. மனைவிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "காப்பீட்டு அட்டை இல்லையா?" என்றேன்.

"இருக்கு அண்ணாச்சி. டிரங்குப் பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன். இனிமே கொண்டுபோய்க் காட்டுனா ரூவாயத் திருப்பித் தந்துருவாகள்லா?"

தர மாட்டார்கள். இது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமே அல்ல. ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்ட வேண்டும். சிகிச்சைக்கு முன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுமதி வாங்க வேண்டும். முதலில் கட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் பணம் போனதுதான்.

2009-ல் கலைஞர் காப்பீடாக வந்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. நாம் கட்ட வேண்டிய தவணை ஒரு பைசா கிடையாது.

நம் இளையரசனேந்தல் பிர்காக்காரர்கள் தடுமாறும் இடம் வேறு. 2008-ல் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து நம்மைப் பிரித்து, தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டத்தில் சேர்த்தார்கள். ஊராட்சிகளை மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டார்கள். 2019-ல் அந்த ஒன்றியம் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. ஒரே ஊருக்கு இரண்டு மாவட்டம்! இந்தக் கூத்தைக் கட்டியவர்கள் எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று ஒரு போர்டு எழுதி வைத்திருக்கலாம். சனம் தென்காசிக்குப் போய் ஒரு நாள் கூலியைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறது.

அட்டைக்கு வேண்டியது வருவாய்த்துறைச் சான்று. நம் வருவாய்த்துறை கோவில்பட்டி. ஆகவே மாவட்டம் தூத்துக்குடி. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். அதோடு ரேஷன் கார்டு, ஆதார் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு, கோரம்பள்ளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸின் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். குடும்பத்தாரையும் கூட்டிப் போங்கள், போட்டோ எடுப்பார்கள்.

போவதற்கு முன் ரேஷன் கார்டைப் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில் இருக்கும். பேரன் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்திருப்பான், கார்டில் ஏறியிருக்க மாட்டான். ரேஷன் கார்டில் இல்லாதவர் காப்பீட்டிலும் இல்லை. தாலுகா ஆபீஸ் வழங்கல் பிரிவிலோ இ-சேவை மையத்திலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியை நம்மவர்கள் இன்னும் மாத்திரை வாங்கும் இடமாகவே நினைக்கிறார்கள். அது மாவட்டத் தலைமை மருத்துவமனையாகி வருஷங்கள் ஆயிற்று. "அங்கேதான் எல்லாம் இலவசமாச்சே, அட்டை எதுக்கு?" என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது; கருவி வாங்கவும் வசதி பெருக்கவும் அது உதவும். காட்டாமல் விட்டால் நம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதை நாமே தடுக்கிறோம்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால், திட்டப் பட்டியலில் அது இருக்கிறதா, நமக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருகிறதா என்று 1800 425 3993-ல் கேட்டுவிட்டுச் சேருங்கள். கட்டணம் கிடையாது. அனுமதி வந்த பிறகும் "கூடுதலாக இவ்வளவு கட்டுங்கள்" என்றால், கட்டிலருகே நின்றபடியே அதே எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதிலும் தீராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர்க்கும் நாளில் மனு; மனு நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மறுபடி சொல்கிறேன்: டிஸ்சார்ஜ் ஆன பிறகு காட்டும் அட்டைக்கு மதிப்பில்லை. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ரேஷன் கார்டை எடுத்து, வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.