திரெந்தோ: மலைகளின் நடுவே ஒரு நகரம் சொல்லும் பாடம்



ஐரோப்பாவுக்குத் திருப்பயணம் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் நாம் உரோமை, அசிசி, பதுவை, லூர்து என்று பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியலில் திரெந்தோ நகரம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் நம் பங்கு வாழ்வின் பல பழக்கங்கள் இந்தச் சிறிய நகரில் எடுக்கப்பட்ட முடிவுகளிலிருந்து வந்தவை. இன்று அந்த நகருக்கு ஒருமுறை போய்வருவோம்.

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு இடையில், அடிஜே ஆற்றங்கரையில் இருக்கிறது திரெந்தோ. வெரோனாவிலிருந்து வடக்கே செல்லும் இரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வழியெங்கும் ஒரு பக்கம் ஆறு, இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் செங்குத்தான மலைகள். உரோமையர் காலத்தில் இதன் பெயர் திரிதெந்தும். 'திரிதெந்தீன் பொதுச்சங்கம்' என்று நாம் மறைக்கல்வியில் படித்த பெயர் இதிலிருந்து வந்ததே.

நகரின் நடுவில் புனித விஜிலியுஸ் பேராலயம் நிற்கிறது. இவர் 4ஆம் நூற்றாண்டில் இந்நகரின் ஆயராக இருந்தவர். அருகிலுள்ள மலைப் பள்ளத்தாக்கில் நற்செய்தி அறிவிக்கச் சென்ற சிசின்னியுஸ், மர்த்தீரியுஸ், அலெக்சாண்டர் என்னும் மூவர் 397ஆம் ஆண்டு அங்கே மறைச்சாட்சிகளாய் உயிர்நீத்தார்கள். இன்றைய பேராலயத்தின் கட்டட வேலை 1212இல் தொடங்கியது. அதன் தரைக்கு அடியில், பழைய ஆலயத்தின் எஞ்சிய பகுதிகளை இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.

பேராலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் பெரிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. பொதுச்சங்கத்தின் தீர்மானங்கள் இந்தச் சிலுவைக்கு முன்பாகவே அறிவிக்கப்பட்டன. 1545 டிசம்பர் 13ஆம் நாள் தொடங்கிய சங்கம், போர், கொள்ளைநோய், அரசியல் பிணக்கு ஆகியவற்றால் இருமுறை தடைப்பட்டு, 1563 டிசம்பர் 4ஆம் நாள் நிறைவுற்றது. பதினெட்டு ஆண்டுகள்! பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தம் ஆட்சி எல்லைக்குள் சங்கம் கூடவேண்டும் என்றார். திருத்தந்தையோ இத்தாலிக்கு அருகில் கூடவேண்டும் என்றார். இருவருக்கும் ஏற்ற இடமாக அமைந்தது திரெந்தோ.

அங்கே முடிவானவை நம்மை எப்படித் தொடுகின்றன? குருத்துவப் பயிற்சிக்கு மறைமாவட்டங்கள்தோறும் குருமடம் வேண்டும் என்று சொன்னது இந்தச் சங்கம். திருமணத்துக்கு முன் மூன்று முறை ஓலை வாசிக்கவேண்டும், திருமணப் பதிவேட்டைப் பங்குத்தந்தை பத்திரமாய் வைத்திருக்கவேண்டும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரை ஏட்டில் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டதும் இதுவே. நம் பங்கு அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டி நம் பாட்டனாரின் பெயரைத் தேடும்போது, திரெந்தோவின் பயனை நாம் அனுபவிக்கிறோம்.

பேராலயத்திலிருந்து சற்று நடந்தால் புவொன்கொன்சிலியோ கோட்டை. ஆயர்களே ஆட்சியாளர்களாகவும் இருந்த நாள்களில் அவர்கள் தங்கிய இடம். அதன் கழுகுக் கோபுரத்தில் 1400ஆம் ஆண்டளவில் தீட்டிய மாதங்களின் ஓவியங்கள் உள்ளன. சனவரியில் பிரபுக்கள் பனிக்கட்டி உருட்டி விளையாடுகிறார்கள். மற்ற மாதங்களில் உழவர்கள் உழுகிறார்கள், அறுக்கிறார்கள், திராட்சை பிழிகிறார்கள். மார்ச் மாத ஓவியம் அழிந்துபோனதால் பதினொன்றே எஞ்சியுள்ளன.

இதே நகரில் நாம் தலைகுனிந்து கேட்கவேண்டிய ஒரு கதையும் உண்டு. 1475ஆம் ஆண்டு புனித வாரத்தில் சைமன் என்னும் சிறு குழந்தை காணாமற்போனது. உயிர்ப்பு ஞாயிறன்று அதன் உடல் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டு நிலவறைத் தண்ணீரில் கிடந்தது. அதைக் கண்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த வீட்டாரே. ஆனால் யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைப் பலியிடுகிறார்கள் என்னும் பழைய வதந்தி ஊரில் நிலவியது. அவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து 'ஒப்புதல்' வாங்கினார்கள். யூத ஆண்கள் பலர் கொல்லப்பட்டார்கள். திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அனுப்பிய ஆயர் விசாரித்து, குற்றச்சாட்டை நம்பவில்லை. ஆயினும் அவர் குரல் எடுபடவில்லை. குழந்தையை மறைச்சாட்சியாக வணங்கும் பக்தி வளர்ந்தது. அச்சில் வந்த ஏடுகளும் படங்களும் பொய்யை ஊர் ஊராய்க் கொண்டுபோயின. பிற்காலத்தில் திருச்சபையின் அனுமதியும் அதற்குக் கிடைத்தது.

ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1965இல், வரலாற்று ஆய்வின் முடிவை ஏற்றுத் திரெந்தோ பேராயர் அந்த வழிபாட்டை நீக்கினார். யூதர்களோடு நம் உறவைப் புதுப்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். திரெந்தோவின் மான்சி தெருவில், ஒரு மாளிகையின் வாசல்களுக்கு மேல் சைமனைக் காட்டும் சிற்பங்களை இன்றும் காணலாம். அந்த வாசல் முன் நிற்கும் பயணி படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாகாது. அங்கே சிறிது நேரம் மௌனமாய் நிற்பது நல்லது.

அன்பர்களே, அந்த ஊர் மக்கள் கொடியவர்களாய்ப் பிறந்தவர்கள் அல்லர். புனித வாரம் அனுசரித்தவர்கள். சிலுவையை முத்தி செய்தவர்கள். ஆனாலும் அயலாரைப் பற்றிய ஒரு பொய்யை ஆராயாமல் நம்பினார்கள். இன்று வேறு மதத்தாரைப் பற்றியோ வேறு சாதியாரைப் பற்றியோ நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. உண்மையா என்று கேளாமல் அதை அடுத்தவருக்கு அனுப்பினால், அன்று அந்த ஏடுகளைப் பரப்பியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை நம் விரல்களுக்கும் உரியது.

தன்னைச் சீர்திருத்தக் கூடிய திருச்சபையையும், தன் தவற்றை ஏற்றுத் திருத்திக்கொண்ட திருச்சபையையும் ஒரே நகரில் காட்டுகிறது திரெந்தோ. முதலாவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இரண்டாவதற்கு ஐந்து நூற்றாண்டுகள். நம் வீட்டிலும் நம் அன்பியத்திலும் திருத்தவேண்டியது இருந்தால், அதை இந்த வாரமே தொடங்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.