வளம் மீட்பும் நம் பொறுப்பும்
ஊர்க்குப்பை குறித்து ஓர் ஆய்வு

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆட்டையாம்பட்டி, கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற பேரூராட்சியாகும். இத்தகைய ஓர் ஊரின் ஒருநாள் குப்பையில் எவை எவை கிடக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். காய்கறித் தோல், வாழையிலை, எஞ்சிய சோறு, அடுப்புச் சாம்பல், எண்ணெய் ஊறிய காகிதம், நூல் பிசிறு, அட்டைப் பெட்டி, பால் உறை, முறுக்கு அடைத்துவரும் நெகிழிப்பை, உடைந்த கண்ணாடி, தீர்ந்துபோன மின்கலம். தனித்தனியே நோக்கின் இவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் பயன்படக்கூடியவை. ஒரே கூடையில் கலந்துவிட்டாலோ அனைத்தும் குப்பையே.

தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் இக்கழிவுகளைப் பிரித்து, மக்கவைத்து, விற்பனைக்கு அனுப்பும் இடத்திற்கு ‘வளம் மீட்புப் பூங்கா’ என்று பெயர் வழங்குகிறது. மீட்பு என்னும் சொல்லை நாம் வேறொரு பொருளில் நாள்தோறும் கையாளுகிறோம். ஊராட்சி அலுவலகம் அச்சொல்லைக் குப்பைக்குச் சூட்டியிருப்பது நம் சிந்தனைக்குரியது. குப்பைமேடு வளர்வதும் குறைவதும் எதைப் பொறுத்தது என்பதையும், அதில் சபைகளுக்குள்ள பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் காண முற்படுவோம்.

1. குப்பைமேட்டில் நிகழ்வது

நம் நாட்டு ஊர்க்குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் தன்மையுடையது. ஈரமான இப்பொருள் மேட்டின் அடியில் காற்றின்றி அழுந்திக் கிடக்கையில், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. அப்போது மீத்தேன் வாயு வெளிப்படுகிறது. நூறாண்டுக் கால அளவில் கணக்கிட்டால், இவ்வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும், கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும் குப்பைக் கிடங்குகள் பல நாள் எரிந்ததை நாம் அறிவோம். அன்றியும், மழைநீர் மேட்டினூடே இறங்குகையில் மின்கலத்தின் உலோகங்களையும் அழுகலின் அமிலங்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரை அடைகிறது.

ஒவ்வொரு நகரின் குப்பைமேட்டிற்கும் அருகே ஓர் ஊர் உண்டு. சேலம் மாநகரின் குப்பை நெடுங்காலம் எருமாபாளையத்திலும், பின்னர் செட்டிச்சாவடியிலும் சென்று சேர்ந்தது. குப்பையை உண்டாக்குகிறவர் ஓரிடத்திலும், அதன் புகையைச் சுவாசிக்கிறவர் வேறோரிடத்திலும் வாழ்கின்றனர். இலங்கையில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து அண்டை வீடுகளின்மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் கழித்துவிட்டதன் பாரத்தை ஏழைக் குடியிருப்பு சுமந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் பொருள்.

2. இந்நிலப்பரப்பின் பழைய ஒழுங்கு

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கழிவைப் பயனாக்குதல் புதிதன்று. வீட்டுக் குப்பையும் சாணமும் எருக்குழிக்குச் சென்றன. கோடையில் அவ்வெரு வயலுக்குச் சென்றது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்தபின் எஞ்சும் திப்பி இன்றும் மாட்டுத் தீவனமாகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் எரு தோட்டங்களுக்குப் போகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த தெரு வணிகரை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வொழுங்கு குலைந்ததற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, மக்காத பொருள் மலிந்து, எருக்குழிக்குள்ளும் புகுந்தது. நெகிழியும் கண்ணாடியும் கலந்த எருவை எந்த உழவரும் ஏற்பதில்லை. இரண்டாவது, வீட்டுக்கும் வயலுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. தோட்டமில்லா வீட்டில் எருவுக்கு இடமில்லை. எனவே அனைத்தும் தெருவுக்கு வந்தன.

3. மக்கவைத்தலின் முறை

உழவர்களின் பழைய அறிவை ஆராய்ந்து முறைப்படுத்தியவர்களுள் ஆல்பர்ட் ஹோவார்டு குறிப்பிடத்தக்கவர். இந்தூரில் 1924 முதல் 1931 வரை அவர் நடத்திய ஆய்வுகளிலிருந்து ‘இந்தூர் முறை’ தோன்றியது. பின்னர் 1939ஆம் ஆண்டளவில் சி. என். ஆச்சார்யா நகரக் கழிவுகளுக்கென ‘பெங்களூர் முறை’யை உருவாக்கினார். இவற்றுள் முன்னது குவியலைக் கிளறிக் காற்றூட்டுவது. பின்னது குழியை மூடிவைத்து மெல்ல மக்கச் செய்வது.

இன்று பேரூராட்சிகளில் பெரிதும் பின்பற்றப்படுவது காற்றூட்டும் முறையே. அதற்கு மூன்று தேவைகள் உள்ளன. ஒன்று, உணவின் சமநிலை: நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு கரிமம் வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி; உலர்ந்த சருகிலும் வைக்கோலிலும் கரிமம் மிகுதி. எனவே இரண்டையும் அடுக்கடுக்காகக் கலத்தல் வேண்டும். இரண்டு, ஈரம்: கையில் பிழிந்தால் ஓரிரு துளி கசியுமளவு போதும். மூன்று, காற்று: சில நாள்களுக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் உயரும், நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும், நாற்றம் எழாது. ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் மண்வாசனை கொண்ட கரிய எரு கிடைக்கும். எடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறையும். நாற்றம் எழுமானால் காற்றோ சருகோ போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

4. மறுசுழற்சியும் அதன் எல்லையும்

உலர்ந்த காகிதம், அட்டை, இரும்பு, அலுமினியம், கண்ணாடி, கெட்டி நெகிழி ஆகியவற்றிற்குப் பழைய பொருள் கடைகளில் விலை உண்டு. ஆயினும் அதே காகிதம் குழம்பில் நனைந்துவிட்டால் விலை இழக்கிறது. பொருளின் மதிப்பு பொருளில் மட்டுமன்றி, அது மற்றவற்றோடு கலவாமல் இருப்பதிலும் அடங்கியுள்ளது.

தின்பண்டம் அடைத்துவரும் மெல்லிய, பலபடல உறைகளை வாங்குவோர் அரியர். அவற்றில் ஒரு பகுதி சிமெண்டு ஆலைகளில் எரிபொருளாகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், நெகிழித் துணுக்குகளைச் சூடான சல்லியின்மேல் பூசித் தாரோடு சேர்த்துச் சாலையிடும் முறையைக் கண்டார். 2002இல் அக்கல்லூரி வளாகத்தில் அத்தகைய சாலை இடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் இம்முறைக்கும் சுத்தமான, பிரித்தெடுத்த நெகிழியே தேவை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் விதித்த தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய மஞ்சப்பை இயக்கமும், மறுசுழற்சிக்கு முன்னரே குறைத்தல் வேண்டும் என்பதை நினைவூட்டுகின்றன.

5. ஆலப்புழை தரும் பாடம்

இவையெல்லாம் ஒரு நகரளவில் இயலுமா என்னும் ஐயம் எழலாம். கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி தன் குப்பையை அண்டை ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. 2012இல் அவ்வூர் மக்கள் குப்பை வண்டிகளைத் தடுத்து நிறுத்தினர். நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. வேறோர் ஊரைத் தேடுவதற்கு மாறாக, நகராட்சி குப்பையை அது பிறக்கும் இடத்திலேயே கையாள முற்பட்டது. வீடுகளுக்கு மானிய விலையில் சாணவாயுக் கலங்களும் குழாய் எருக்கலங்களும் தரப்பட்டன; இடமில்லாதோர்க்குப் பொது இடங்களில் காற்றோட்டமுள்ள எருத்தொட்டிகள் அமைந்தன. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், கழிவு மேலாண்மையில் முன்மாதிரியான ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. அண்டையூரார் ‘போதும்’ என்று உரைத்தபோதே நகரம் தன் கையைப் பயன்படுத்தக் கற்றது என்பது கவனிக்கத்தக்கது.

6. பிரிப்பது யாருடைய கை?

மேற்கூறிய அனைத்தும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: பிரித்தல் எங்கே நிகழ்கிறது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூவகையாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையைக் கழிவை உண்டாக்குகிறவர்மேல் சுமத்தின. வீட்டில் பிரிப்பதற்கு இரண்டு கலங்களும் சிறிது கவனமும் போதும். அங்குப் பிரிக்காவிடில், பிரிக்கும் வேலை மறைந்துபோவதில்லை. அது இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அழுகிய சோற்றினிடையே கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் பயன்படுத்திய நாப்கினையும் துழாவும் கை அது.

அக்கை யாருடையது என்பதை நாம் அறிவோம். மேற்கு மாவட்டங்களில் இப்பணியில் இருப்போருள் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். பலர் ஒப்பந்தக் கூலிகள். 2020இல் அரசு இவர்களுக்குத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயரிட்டது நன்று. எனினும் கலந்த குப்பை அவர்கள்முன் கொட்டப்படும்வரை, பெயர் மாற்றம் கையின் காயத்தை ஆற்றாது. குப்பையைப் பிரிக்க மறுக்கும் மனநிலைக்குப் பின்னால், ‘இதைத் தொடுவதற்கென வேறு ஆள்கள் இருக்கின்றனர்’ என்னும் பழைய சாதி எண்ணம் ஒளிந்திருப்பதைக் காணத் தவறலாகாது. எனவே பிரித்தல் தூய்மை பற்றிய செய்தி மட்டுமன்று. நீதி பற்றியதும் ஆகும்.

7. சபையின் பங்கு

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் பெயர்ப் பட்டியல் என்று கருதப்பட்டு, பிரசங்கத்தில் பெரும்பாலும் விடுபடுகிறது. அங்குத் தெக்கோவாவின் பெருமக்கள் மதில் வேலைக்குத் தோள்கொடுக்கவில்லை என்ற குறிப்பு காணப்படுகிறது (3:5). அதே பட்டியலில், எருசலேமின் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவர் மல்கியா என்னும் ஒரு மாகாணப் பிரபு (3:14). நகரின் கழிவு வெளியேறும் வாசலுக்கு ஓர் அதிகாரி பொறுப்பேற்றார் என்பதும், மற்றோர் ஊரின் உயர்ந்தோர் ஒதுங்கினர் என்பதும் ஒரே அதிகாரத்தில் பதிவாகியுள்ளன.

நம் வளாகங்களில் செய்யத்தக்கவை எளியவையே. அறுப்பின் பண்டிகையிலும் திருமண விருந்திலும் பூச்சிட்ட காகிதத் தட்டுகளைத் தவிர்த்து, வாழையிலையும் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களும் கொள்ளலாம். விருந்து நடக்கும் இடத்திலேயே இலைக்கு ஒன்றும் மற்றவைக்கு ஒன்றுமாகக் கலங்கள் வைக்கலாம். வளாகத்துச் சருகை எரிப்பதை நிறுத்தி, அதையே எருக்குழிக்குக் கரிமமாக்கலாம். இறையியல் மாணவர் விடுதிகளில், மாணவர்களும் ஆசிரியர்களும் முறைவைத்து அக்குழியைப் புரட்டலாம். இப்பணியை வளாகத் துப்புரவாளர்மேல் சுமத்திவிட்டால் நோக்கமே தவறிவிடும். தூய்மைப் பணியாளரின் கையுறை, ஊதியம், பணி நிரந்தரம் ஆகியவற்றுக்காகப் பேரூராட்சியிடம் பேசுவதும் ஆயரின் ஊழியத்திற்குப் புறம்பானதன்று.

ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களில் குப்பைமேடு இன்னும் மலையாகிவிடவில்லை. வீடுகள் நெருங்கியுள்ளன, வயல்களும் தொலைவில் இல்லை. பெருநகரம் பெருஞ்செலவில் செய்ய முயல்வதைச் சிற்றூர் இரு கலங்களைக் கொண்டே தொடங்க இயலும். அத்தொடக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் தேநீர்க் குவளைகள் எங்கே போகின்றன என்னும் கேள்வியிலிருந்தே பிறக்கலாம்.