ஸ்கேன் நார்மல்... ஆனால் படிக்க முடியவில்லையே!

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே... அப்புறம் எதுக்குக் கிளாஸ்ல தலையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கே?"

பைக்கிலிருந்து விழுந்தோ, விளையாட்டில் மோதிக்கொண்டோ தலையில் அடிபட்டுத் திரும்பும் கல்லூரி மாணவர்கள் சந்திக்கும் கேள்வி இது. கேட்பவர் சில சமயம் பேராசிரியர், சில சமயம் அப்பா!

இந்த அடிக்குப் பெயர் 'கன்கஷன்', அதாவது மூளை அதிர்ச்சி. மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கி, அதன் செல்கள் வேலை செய்யும் விதம் தாற்காலிகமாகக் குழம்பிப் போகிறது. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருந்தால் சி.டி. ஸ்கேன் காட்டும். இந்தக் குழப்பத்தைக் காட்டாது. அடிபட்டவுடன் மயக்கம் போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

படிப்பு ஏன் பாதிக்கிறது?

தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு... வெளிச்சமும் சத்தமும் தாங்காது. ஒரே பாராவை நாலு தடவை படித்தாலும் மனதில் நிற்காது. போர்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தால் தலை சுற்றும். முதல் பீரியடில் தெளிவாக இருப்பவன் மூன்றாவது பீரியடில் துவண்டுவிடுவான். "காலையில நல்லாத்தானே இருந்தான், நடிக்கிறான்" என்று மற்றவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான்!

எத்தனை நாள் ஓய்வு?

வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது பழைய முறை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்களின் கருத்துப்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் செல்போன், டி.வி.யைக் குறைத்து ஓய்வாக இருந்தால் போதும். லேசாக நடமாடலாம். பிறகு படிப்படியாகப் படிப்பைக் கூட்ட வேண்டும். விளையாட்டில் அடிபட்டவர்களில் 93 சதவிகிதம் பேர் 10 நாட்களுக்குள் முழுமையாகப் படிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்குத்தான் வாரங்கள், மாதங்கள் ஆகின்றன.

பேராசிரியர்கள் செய்யக்கூடியவை

* முதலில் அரை நாள் மட்டும் வரச் சொல்லலாம். நடுவில் பத்து நிமிடம் வெளியே போய் உட்கார அனுமதிக்கலாம்.
* குழல் விளக்கு, புரொஜெக்டர் வெளிச்சம் படாத இடத்தில் உட்கார வைக்கலாம்.
* நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம்.
* ரெக்கார்ட், அசைன்மென்டுக்குக் கூடுதல் நாள் தரலாம். ஒரே நாளில் இரண்டு இன்டர்னல் டெஸ்ட் வேண்டாம்.
* எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டுத் திணறடிக்காமல், தனியாகக் கூப்பிட்டு "இன்னிக்கு எப்படிப்பா இருக்கே?" என்று விசாரிக்கலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

மருத்துவச் சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் படிக்கலாம், பரீட்சை எழுதலாமா என்றும் டாக்டரிடம் எழுதி வாங்கி, துறைத்தலைவரிடம் நேரில் கொடுங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகள்படி 75 சதவிகித வருகை தேவை. விபத்து, நோய் என்றால் சான்றிதழின் பேரில் 65 சதவிகிதம் வரை பரிசீலிக்க இடமுண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம்... இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் சொல்லும்வரை பைக் சாவியையும் தராதீர்கள். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து!

கால் முறிந்தால் மாவுக்கட்டு தெரியும். எல்லோரும் வழி விடுவார்கள். மூளை அதிர்ச்சிக்குக் கட்டு கிடையாது. அதனால் அந்த மாணவன் வாயால் சொல்வதை நம்புவதுதான் முதல் உதவி.